கிரேக்க சாலட் வீட்டில் செய்தேன், தண்ணீர் விட்டுவிட்டது. எங்கே தப்பு?

1. பேரூர்வாசி

எல்லோருக்கும் வணக்கம்ங்க. போன ஞாயிறு முதல் தடவையாகக் கிரேக்க சாலட் செய்து பார்த்தேன். லெட்யூஸ், தக்காளி, வெள்ளரிக்காய், குடைமிளகாய், வெங்காயம் எல்லாம் பொடிசாக நறுக்கினேன். ஃபெட்டா சீஸைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டிப் போட்டேன். எலுமிச்சைச் சாறு, கடுகு விழுது, ஆலிவ் எண்ணெய் மூன்றையும் அடித்து ஊற்றிக் கலந்து, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்தால் அடியில் வெள்ளையாகக் கலங்கின தண்ணீர் ஒரு டம்ளர் நிற்கிறது. இலை துவண்டுவிட்டது. சீஸ் குழைந்து எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. தக்காளியில் குளிர்ச்சியைத் தவிர வேறு ருசி இல்லை. மகள் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டை நகர்த்திவிட்டாள்.

அடுத்த மாதம் தங்கை வீட்டு விழாவில் பத்துப் பேருக்கு இதைச் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தண்ணீர் விடாமல் செய்ய என்ன வழிங்க? கிரீஸில் எப்படிச் செய்கிறார்கள் என்று நேரில் பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

2. முத்துநகர்_மாலுமி

சகோதரி, தண்ணீர் விட்டது தப்பே இல்லை. அந்தச் சாறுக்காகத்தான் இந்த சாலட்டைச் செய்கிறார்கள். உங்களுக்கு வந்தது ருசியில்லாத தண்ணீர், அதுதான் சங்கடம்.

நான் கப்பலில் இஞ்சின் பக்கம் வேலை பார்த்தவன். கிரீஸில் சீரோஸ் என்ற தீவில் எர்முப்போலி என்று ஒரு துறைமுக ஊர். அங்கே கப்பல் பழுது பார்க்கும் பட்டறை 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. எங்கள் கப்பல் டிரைடாக்கில் ஏறி மூன்று வாரம் கிடந்தது. ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில். மதியச் சாப்பாடு பக்கத்துச் சந்தில் தவெர்னா என்கிற ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில். அடுப்படியில் ஒரு வயதான அம்மா. அவர் வெட்டுவதைப் பார்ப்பதற்காகவே சமையலறை வாசலையொட்டி உட்காருவேன்.

அங்கே இதற்குப் பெயர் ஹொரியாத்திக்கி. ஹொரியோ என்றால் கிராமம். கிராமத்துச் சாலட், அவ்வளவுதான். லெட்யூஸ் கிடையவே கிடையாது. அந்த அம்மா பலகை வைத்து நறுக்கி நான் பார்த்ததில்லை. தக்காளியை இடது கையில் பிடித்து, சின்னக் கத்தியால் கிண்ணத்துக்கு மேலேயே ஒழுங்கில்லாத பெரிய துண்டுகளாக அரிந்து போடுவார். நம் வீட்டுப் பெரியவர்கள் கத்தரிக்காயைக் கையிலேயே வைத்து அரிந்து குழம்பில் போடுவார்களே, அப்படி. சொட்டுகிற சாறு முழுவதும் கிண்ணத்துக்குள்தான் விழும், பலகையில் ஒன்றும் வீணாகாது.

தக்காளிக்கு மேல் உப்பு. பிறகு வெள்ளரிக்காய், தோலைப் பட்டை பட்டையாகப் பாதி சீவி, விரல் கனத்துக்கு வில்லைகள். வெங்காயமும் பச்சைக் குடைமிளகாயும் மெல்லிய வளையமாக. கலமாட்டா ஆலிவ் ஒரு கை, கொட்டையோடு. எல்லாவற்றுக்கும் மேல் ஃபெட்டா, ஒரே பலகையாக, நோட்டுப் புத்தகம் கனத்துக்கு. அதை உடைக்க மாட்டார். அதன்மேல் காய்ந்த ஓரிகனோவை உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தூவி, ஆலிவ் எண்ணெயை நாம் பயப்படுகிற அளவுக்கு ஊற்றுவார். தீவுகளில் கேப்பர் மொட்டும் போடுவார்கள், பாறை இடுக்கில் தானாக முளைக்கிற செடி அது. எலுமிச்சை, கடுகு, தேன் ஒன்றும் இல்லை. வினிகர் வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மேசைக்கு வந்த பிறகுதான் சாப்பிடுகிறவர் முள்கரண்டியால் ஃபெட்டாவை உடைப்பார். உங்களுக்குக் கலங்கலாக வந்ததே, அது முன்கூட்டியே வெட்டிக் கலந்ததால்.

கடைசியில் கிண்ணத்தின் அடியில் தக்காளிச் சாறு, எண்ணெய், ஃபெட்டாவின் உப்பு, ஓரிகனோ எல்லாம் சேர்ந்து நிற்கும். அதில் ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து வழித்துச் சாப்பிட வேண்டும். அதற்கென்றே பபாரா என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். குழம்புச் சட்டியில் கடைசியாகச் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவோமே, அந்தச் சுகம்தான். பட்டறைத் தொழிலாளிகள் கிண்ணத்துக்குச் சண்டை போடுவார்கள்.

3. சமையல்கட்டு

லெட்யூஸ் கிடையாது என்று அண்ணன் அடித்துச் சொல்கிறார். நான் சாப்பிட்ட எல்லா ஹோட்டலிலும் லெட்யூஸ் போட்டுத்தான் கிரேக்க சாலட் என்று கொடுத்தார்கள். உலகம் முழுக்க அப்படிச் செய்யும்போது அதை மட்டும் தப்பென்று ஏன் சொல்ல வேண்டும்? உணவு ஊர் மாறினால் மாறத்தானே செய்யும்?

4. பேப்_அவென்யூ

நான் டொரோண்டோவில டான்ஃபோர்த் பக்கம் இருபது வருசமா இருக்கிறன். கிரேக்கச் சனம் கூட்டமா வந்து குடியேறின தெரு இது. எங்கட மேல்வீட்டு அம்மா கிரீஸில பெலொப்போனிஸ் பக்கத்துக் கிராமத்தில இருந்து வந்தவா. அவவிட்டப் படிச்சதைத்தான் சொல்லுறன்.

கேள்வி நல்ல கேள்விதான். லெட்யூஸ் போட்டதும் கிரேக்கச் சனத்தின்ரை சாப்பாடுதான், ஆனா வேற நாட்டில வேற வாழ்க்கையில வந்தது. அமெரிக்காவில ஃபுளோரிடாவில டார்பன் ஸ்பிரிங்ஸ் எண்டு ஒரு ஊர். 1900களின்ரை தொடக்கத்தில கிரேக்கத் தீவுகளில இருந்து கடற்பஞ்சு எடுக்கிற சுழியோடிகள் அங்க போய்க் குடியேறினவை. அந்த ஊர்க் கிரேக்க சாலட்டில அடியில உருளைக்கிழங்கு சாலட் இருக்கும். டிட்ராய்ட்டில பீட்ரூட் போடுவினம். அதுகளுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு, நான் குறை சொல்ல மாட்டன். ஆனா தங்கச்சி கேட்டது கிரீஸில செய்யிற முறையை. அங்க லெட்யூஸ் வேற சாலட். குளிர்காலத்திலயும் வசந்தத்திலயும் லெட்யூஸை மெல்லிசா அரிஞ்சு, வெங்காயத்தாள், சதகுப்பை இலை போட்டு, அதைத் தனியா மருலோசலாத்தா எண்டு செய்வினம். நல்ல குளிரெண்டா கோவாவும் (முட்டைக்கோஸ்) கரட்டும். தக்காளிப்பழம் கோடைக்குத்தான். மேல்வீட்டு அம்மா ஜனவரியில ஹொரியாத்திக்கி செய்யவே மாட்டா. கடையில தக்காளிப்பழம் குவிஞ்சு கிடந்தாலும் "இது பழமில்லை" எண்டு போட்டுப் போவா.

மிளகாய் பற்றி ஒண்டு. கிரீஸில குடைமிளகாயும் போடுவினம், நீட்டு மெல்லிய தோல் பச்சை மிளகாயும் போடுவினம், உறைப்பில்லாதது. ஊரில நாங்கள் கறிமிளகாய் எண்டு சொல்லுவமே, அது கிட்டத்தட்ட அதே மாதிரி. கிடைச்சா அதைப் போடுங்கோ, குடைமிளகாயை விட மணம்.

5. மாடித்தோட்டம்

தக்காளியைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை, நான் பேசுகிறேன். இந்த சாலட்டில் முக்கியமே தக்காளிதான்.

பேரூர் அக்கா, நீங்கள் வாங்கியது பெங்களூர் தக்காளி என்று நினைக்கிறேன். கெட்டித் தோல், லாரியில் அடிபடாமல் வருவதற்கென்றே உருவாக்கிய ரகம், பாதி காயாகவே பறிப்பது. அதை ஃபிரிட்ஜில் வேறு வைத்தால் மிச்சமிருக்கிற மணமும் போய்விடும். சுமார் 12 டிகிரிக்குக் கீழே போனாலே தக்காளியில் மணப்பொருள்கள் உண்டாவது குறைந்துவிடுகிறது. வெளியே எடுத்து ஆறவைத்தாலும் அது முழுதாகத் திரும்பாது.

நாட்டுத் தக்காளி வாங்குங்கள். புளிப்பு கூடுதல், சாறு கூடுதல். விழாவுக்கு நான்கு நாள் முன்னதாக, சிவப்பு ஏறியும் கெட்டியாக இருக்கிற பழமாகப் பார்த்து எடுத்து, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி வையுங்கள். வெயில் வேண்டாம். காம்புக்கிட்ட மோந்தால் செடியின் வாசம் வர வேண்டும், அன்றைக்குச் செய்யுங்கள். ரொம்பப் புளித்தால் பாதிக்குப் பாதி இரண்டு ரகமும் கலக்கலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

சான்டோரினித் தீவில் சின்னத் தக்காளி ஒன்று விளைகிறது. எரிமலை மண், பாசனம் இல்லாமல் மானாவாரியாக வளர்க்கிறார்கள். மண்ணில் தங்கும் ஈரத்தை நம்பியே காய்க்கும், தோல் தடிமன், இனிப்பும் புளிப்பும் சுண்டினாற்போல் இருக்கும். நீர் அதிகம் பாய்ச்சினால் பழம் பெருக்கும், ருசி இறங்கும். என் மாடியில் காய் சிவக்கத் தொடங்கியதும் தண்ணீரைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். வித்தியாசம் நாக்கில் தெரிகிறது.

தக்காளி கிரீஸுக்கே புதிது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த செடி, கிரீஸில் பரவியது 19ஆம் நூற்றாண்டில். பிளேட்டோவும் சாக்ரட்டீஸும் தக்காளியைப் பார்த்ததே இல்லை. "பழங்காலக் கிரேக்க சாலட்" என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

6. பேரூர்வாசி

பெங்களூர் தக்காளிதான்ங்க, சரியாகச் சொன்னீர்கள். இன்னொரு சந்தேகம். ஃபெட்டாவுக்குப் பதில் பனீர் போடலாமா? தங்கை வீட்டில் சிலர் சுத்த சைவம். சீஸ் செய்ய ஏதோ மாட்டுக் குடலிலிருந்து எடுத்ததைச் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அது உண்மையா?

7. பால்_தொழில்

இந்தத் துறையிலேயே வேலை பார்த்தவன் என்பதால் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் சைவம். பாலை உறைய வைக்கச் சேர்ப்பது ரெனெட். பாரம்பரியமாக அது கன்று, ஆட்டுக்குட்டி, வெள்ளாட்டுக்குட்டி இவற்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. குடல் அல்ல, இரைப்பை. கிரீஸில் செய்யும் ஃபெட்டாவில் இது மிகவும் வழக்கம். நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ரெனெட்டும் இருக்கிறது, அது சைவம். இந்தியாவில் விற்கிற பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா, பொருள்பட்டியலில் ரெனெட் எந்த வகை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் அவர்களுக்குப் பரிமாற வேண்டாம். நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்து, ஃபெட்டா என்றால் என்ன. செம்மறியாட்டுப் பால் குறைந்தது 70 சதவீதம், மிச்சம் வெள்ளாட்டுப் பால். மாட்டுப் பால் ஒரு சொட்டும் கூடாது. உப்புநீரில் குறைந்தது இரண்டு மாதம் பழுக்க வேண்டும். கிரீஸின் நிலப்பகுதியிலும் லெஸ்போஸ் தீவிலும் செய்தால்தான் ஐரோப்பாவில் அந்தப் பெயர் போடலாம். கிரீட் தீவுகூட அதில் சேராது. இந்தப் பெயருக்காக நடந்த வழக்கு பெரியது. 1996இல் பதிவானது, 1999இல் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது, 2002இல் மறுபடி பதிவானது, டென்மார்க்கும் ஜெர்மனியும் எதிர்த்துப் போயின, 2005 அக்டோபரில் கிரீஸ் பக்கம் தீர்ப்பு. அதன்பிறகும் டென்மார்க் நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு வெளியே அந்தப் பெயரிலேயே விற்றன. அதைத் தடுக்காதது டென்மார்க்கின் தவறு என்று 2022 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆட்டு மந்தையை நம்பி வாழும் மலைக் கிராமங்களுக்கு அந்தப் பெயர்தான் சொத்து. அவர்கள் போராடியது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

உங்கள் கடையில் கிடைப்பது பெரும்பாலும் மாட்டுப் பாலில் செய்த வெள்ளைச் சீஸாக இருக்கும். வழவழப்பாக, ஓட்டையே இல்லாமல், அழுத்தினால் விழுதாகும். அது கலந்ததும் குழைந்ததற்குக் காரணம் அதுவே. அசல் ஃபெட்டா விண்டால் உதிரும், சின்னச் சின்ன வெடிப்பு இருக்கும். நாக்கில் ஒரு காரம் போலச் சுரீர் என்று பிடிக்கும், ஆட்டுப் பாலின் கொழுப்பு தருகிற குணம் அது.

பனீர்? அது பாலைக் கொதிக்கவிட்டுப் புளிப்பூற்றித் திரித்தது. உறை ஊற்றிப் புளிக்க வைத்ததும் இல்லை, பழுத்ததும் இல்லை. உப்புநீரில் எத்தனை நாள் ஊறினாலும் உப்புப் பனீர்தான் ஆகும். சைவக்காரர்களுக்கு வேறு வழி இல்லையென்றால் போடுங்கள், ருசி வேறாக இருக்கும் என்று தெரிந்து போடுங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உங்கள் பக்கத்தில் வெள்ளாட்டுப் பால் கிடைத்தால் வீட்டிலேயே செய்யலாம். 2 லிட்டர் பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, 35 டிகிரிக்கு ஆற விடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி கெட்டித் தயிரைக் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம். பிறகு நுண்ணுயிர் ரெனெட், பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவு, ஆறிய தண்ணீரில் கரைத்து. முக்கால் மணி நேரத்தில் இறுகும். கத்தியால் 2 சென்டிமீட்டர் சதுரமாகக் கீறி, பத்து நிமிடம் விட்டு, துணி விரித்த ஓட்டைப் பாத்திரத்தில் வடியுங்கள். அழுத்தக் கூடாது, தன் எடையிலேயே இறங்கட்டும். மறுநாள் துண்டாக்கி உப்புத் தடவி ஒரு நாள். அப்புறம் 100 கிராம் நீருக்கு 8 கிராம் உப்புப் போட்ட உப்புநீரில் மூழ்க வைத்து ஃபிரிட்ஜில். வெறும் தண்ணீரில் உப்புக் கரைத்தால் சீஸின் சுண்ணாம்புச் சத்து இறங்கி மேற்புறம் கொழகொழவென்று ஆகும். வடிந்த மோரிலேயே உப்பைக் கரையுங்கள், அப்போது அப்படி ஆகாது. ஒரு மாதம் வைத்தால் நன்றாக இருக்கும். இதை ஃபெட்டா என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த இனத்தைச் சேர்ந்தது.

8. சமையல்கட்டு

லெட்யூஸ் விஷயம் இப்போது விளங்கியது. கழுவின இலையின் தண்ணீரும் சேர்ந்துதான் சாறை நீர்க்க வைத்திருக்கும் போல. எண்ணெயைப் பற்றிச் சொல்லுங்கள். கடையில் மூன்று விலையில் இருக்கிறது. ஓரிகனோவுக்குப் பதில் கற்பூரவல்லி சரிவருமா?

9. பேப்_அவென்யூ

எண்ணெய் எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்டு இருக்க வேணும். போமஸ் எண்டு போட்டிருந்தா அது பிழிஞ்ச சக்கையில இருந்து ரசாயனத்தால எடுத்துச் சுத்திகரிச்சது, பொரிக்கலாம், இதுக்கு ஒருக்காலும் வேண்டாம். கறுத்தப் போத்தல், அறுவடை வருசம் போட்டிருந்தா இன்னும் நல்லம். ஆலிவ் எண்ணெய் பழசாகப் பழசாக நல்லா வராது, கெட்டுத்தான் போகும். கிரீஸில கூடப் பிழியிறது கொரொனேய்க்கி எண்ட சின்னக் காய், தொண்டையில மிளகு மாதிரிக் கடிக்கும். அந்தக் கடி இருந்தாத்தான் தக்காளிப்பழத்தின்ரை இனிப்பு தெரியும்.

ஆலிவ் கலமாட்டா எண்டால் கத்தரிப்பூ நிறம், வாதுமை மாதிரி முனை கூரா இருக்கும். மரத்திலயே பழுக்க விட்டுக் கையால பிடுங்குறது. தகரத்தில வாற கன்னங்கரேல் எண்ட வட்ட ஆலிவ் பெரும்பாலும் பச்சைக் காயைக் கறுப்பாக்கினது. அதில ஒரு ருசியும் இல்லை.

10. மாடித்தோட்டம்

கற்பூரவல்லிக்கும் ஓரிகனோவுக்கும் வாசத்தில் சொந்தம் உண்டு. இரண்டிலும் கார்வக்ரால் என்ற பொருள் இருக்கிறது, அதனால்தான் சில நாடுகளில் கற்பூரவல்லியையே ஓரிகனோ என்று அழைக்கிறார்கள். ஆனால் நம் இலை சதைப்பற்றானது, பச்சையாகப் போட்டால் கஷாய வாசம் தூக்கும். நான் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. கிரீஸில் மலையில் பூத்திருக்கும்போது கொத்தாக அறுத்துத் தலைகீழாகக் கட்டி உலர்த்துகிறார்கள், ரீகனி என்பார்கள். அந்தக் கொத்தாகக் கிடைத்தால் வாங்குங்கள். பீட்சாவோடு வரும் பொட்டலம் வேண்டாம், அதில் உப்பு, பூண்டுத்தூள் எல்லாம் கலந்திருக்கும்.

இன்னொன்று, இதைச் சொல்லவே திரும்ப வந்தேன். கிரீஸில் பல வீடுகளில் இந்த சாலட்டில் க்லிஸ்த்ரீதா என்று ஒரு கீரையைப் பச்சையாகக் கிள்ளிப் போடுகிறார்கள். படம் பார்த்தேன், நம் பருப்புக்கீரையேதான்! அதே செடி, இரண்டு ஊரிலும் தரையோடு படர்ந்து தானாக முளைக்கிறது. நாம் பருப்போடு கடைகிறோம், அவர்கள் பச்சையாகத் தின்கிறார்கள். இளம் நுனி லேசான புளிப்பாக, நறுக் நறுக்கென்று இருக்கும். நன்றாக அலசி, ஒரு கைப்பிடி போடுங்கள்.

11. முத்துநகர்_மாலுமி

மாடித்தோட்டம் சொல்வது சரி, சீரோஸில் சில நாள் அந்தக் கீரை இருந்தது. என்னவென்று தெரியாமலே சாப்பிட்டிருக்கிறேன். இப்போதுதான் தெரிகிறது.

பத்துப் பேருக்கு அளவு: தக்காளி ஒன்றரைக் கிலோ, வெள்ளரி மூன்று, வெங்காயம் இரண்டு, குடைமிளகாய் மூன்று, ஆலிவ் 40, ஃபெட்டா 500 கிராம், எண்ணெய் 200 மில்லி. உப்பு குறைவாக, ஃபெட்டாவும் ஆலிவும் மிச்சத்தைத் தரும். ஒரே பெரிய கிண்ணமாக வைக்காதீர்கள், மூன்று கிண்ணம் வையுங்கள். சீஸ் எல்லோர் கைக்கும் எட்டும். வெங்காயம் நம்மூரில் காரம் அதிகம், வெட்டிப் பத்து நிமிடம் உப்பும் வினிகரும் போட்டுப் பிசறிப் பிழிந்துவிடுங்கள்.

12. பேரூர்வாசி

நேற்று விழா முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்ங்க.

நாட்டுத் தக்காளியை நான்கு நாள் தட்டில் வைத்துப் பழுக்க விட்டேன். கிண்ணத்துக்கு மேலேயே அரிந்தேன், முதலில் கை பழகவில்லை, அப்புறம் வந்துவிட்டது. உப்புப் போட்டுப் பத்து நிமிடம் விட்டதும் சாறு தானாக இறங்கியது, செக்கச் செவேல் என்று. பருப்புக்கீரை கீரைக்காரம்மாவிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். சீஸ் பச்சைப் புள்ளி பார்த்து வாங்கியது, மாட்டுப் பால்தான். பலகையாக மேலே வைத்தேன். சைவக்காரர் கிண்ணம் ஒன்றைச் சீஸ் இல்லாமல் தனியாகவே வைத்துவிட்டேன், அதில் ஆலிவ் கொஞ்சம் கூடுதல்.

ஃபிரிட்ஜ் பக்கமே போகவில்லை. வெட்டி முடித்ததும் நேராக மேசைக்கு.

பேக்கரியில் தடித்த தோல் ரொட்டி இரண்டு வாங்கியிருந்தேன். முதலில் யாரும் தொடவில்லை. மகள்தான் ஒரு துண்டைப் பிய்த்து அடிச்சாற்றில் தோய்த்து வாயில் போட்டாள். அப்புறம் ரொட்டி பத்து நிமிடம் தாங்கவில்லை, தங்கை வீட்டுக்காரர் மறுபடி கடைக்குப் போய் வந்தார். சீஸ் இல்லாத கிண்ணத்தையும் வழித்துவிட்டார்கள்.

பால் அண்ணா, பக்கத்துத் தெருவில் வெள்ளாடு வைத்திருப்பவர் வாரம் 2 லிட்டர் தருகிறேன் என்கிறார். தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். நம் தயிருக்குப் பதில் வேறு உறை வாங்க வேண்டுமா?

13. பால்_தொழில்

முதல் தடவைக்குத் தயிர் போதும். நேற்று உறைந்த புதுத் தயிராக இருக்கட்டும், புளித்தது வேண்டாம். பால் கறந்த அன்றே செய்யுங்கள். வடிந்த மோரைக் கொட்டிவிடாதீர்கள், உப்புநீருக்கு வேண்டும்.